காணிப் படங்களைக் கிளவுட்டுக்கு மாற்றலாமா? கிளிநொச்சி வாசகிக்கு ஒரு பதில்

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி விரிவாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய அண்ணன் அனுமதி பெற்ற நில அளவையாளர். அண்ணன் தொடங்கிய சிறு நிறுவனத்தின் அலுவலகப் பொறுப்பு முழுவதையும் இவரே பார்க்கிறார். காணி அளப்பது, வீட்டு வரைபடம் கீறுவது, செலவு மதிப்பீடு தயாரிப்பது ஆகியவை அவர்களுடைய வேலை. கண்டி வீதியை அண்டித் தலைமை அலுவலகமும், புதுக்குடியிருப்பில் ஓர் அறையில் கிளையும் இயங்குகின்றன. இரண்டிலுமாக ஒன்பது பேர் பணியாற்றுகிறார்கள். எல்லாக் கோப்புகளும் 2014 இல் வாங்கிய ஒரு சேவர் பெட்டியில், ஒன்றில் எழுதப்படுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 700 கிகாபைட். கிளைக்குத் தேவையான படங்கள் பென் டிரைவிலும் வட்ஸ்அப்பிலும் போய்வருகின்றன.

கடந்த ஐப்பசியில் ஒரு பின்னேர இடிமழையில் ரவுட்டரும் ஒரு வன்தட்டும் எரிந்துபோயின. பெட்டியை வவுனியாவுக்குக் கொண்டுபோய்ச் சீராக்கி வர நான்கு நாட்கள் சென்றன. அந்த நான்கு நாட்களும் வேலை நின்றது. கொழும்பில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்யும் மருமகன், "எல்லாத்தையும் கூகுள் டிரைவில போட்டிட்டுப் பெட்டியைக் கழட்டி விடுங்கோ மாமி, என்ர கணக்கிலயே இடம் வாங்கித் தாறன்" என்கிறாராம். உறுதிகளை ஸ்கான் செய்துவிட்டால் கடதாசிக் கோவைகள் அடுக்கிய இரண்டு அலுமாரிகளையும் காலி செய்யலாம் என்பதும் அவருடைய யோசனை. அண்ணன் இதற்கு உடன்படவில்லை. 2009 இல் இடம்பெயர்ந்து போகையில் அவருடைய களப் புத்தகங்களும் அளவைப் படங்களும் வழியிலேயே கைவிடப்பட்டன. அதற்கு முன்னர் அவர் அளந்து கொடுத்த காணிகளுக்குப் பிரதி கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. "சனத்தின்ர காணிக் கடதாசியை இன்னொருத்தன்ர இடத்தில கொண்டுபோய் வைச்சிட்டு, நாளைக்கு அவன் கதவைப் பூட்டினால் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்று அவர் கேட்கிறார்.

கிளவுட், அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் கோப்புகளை வைக்கும் சேவை, பாதுகாப்பானதா, வாடிக்கையாளரின் ஆவணங்களை வெளிநாட்டுச் சேவரில் வைக்க நம் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா, பழைய பெட்டியை அகற்றிவிடலாமா, அண்ணனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பவை சகோதரியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாறலாம். இரண்டு இடங்களில் அலுவலகம் வைத்துக்கொண்டு, பென் டிரைவில் எல்லைப் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கும் உங்கள் நிலையில் மாறுவதுதான் நல்லது என்பதும் என் கருத்து. ஆனால் மருமகன் சொல்லும் வழியில் மாற வேண்டாம். அவர் கெட்டிக்காரப் பிள்ளை என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது. அவர் சொல்வதில் பாதி சரியானது. மீதிப் பாதியில்தான் உங்கள் நிறுவனத்தின் பன்னிரண்டு வருட உழைப்பு தங்கியிருக்கிறது என்பதால், அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

அண்ணன் கேட்ட கேள்வியைக் கணினி தெரியாதவரின் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். யார் கதவைப் பூட்டக்கூடும் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதுதான் இந்த மாற்றத்தைத் திட்டமிடும் முறை. சேவை வழங்கும் பெரிய நிறுவனம் பூட்டலாம், அது அரிது. கணக்கை வைத்திருப்பவர் அறிந்தோ அறியாமலோ பூட்டலாம். உங்களைப் போன்ற சிறு நிறுவனங்களில் இதுவே அதிகம் நடக்கிறது. மாதக் கட்டணம் போகாமல் பூட்டப்படலாம். கடவுச்சொல்லைத் திருடியவரோ, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரலோ பூட்டலாம். அண்ணனின் மனதில் இருப்பது முதலாவது ஆபத்து. நீங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை மற்ற மூன்றும்.

கணக்கு யாருடைய பெயரில் இருக்க வேண்டும்

மருமகனின் தனிப்பட்ட கூகுள் கணக்கில் கோப்புகள் வைக்கப்பட்டால், கூகுளின் பார்வையில் அந்தக் கோப்புகளின் சொந்தக்காரர் மருமகன்தான். உங்கள் நிறுவனம், அவர் பகிர்ந்துகொண்டதால் எட்டிப் பார்க்கக் கிடைத்த ஒரு விருந்தாளி மட்டுமே. அவர் நாளை வெளிநாடு போய்த் தொலைபேசி இலக்கத்தை மாற்றலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படிப் போயிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கணக்கைத் திறக்கும்போது கடவுச்சொல்லுக்கு மேலதிகமாகக் கேட்கப்படும் இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலுக்கான குறியீடு பழைய இலக்கத்துக்கே போகும். அவருடைய சொந்தப் படங்களும் மின்னஞ்சல்களும் அதே கணக்கில் இருப்பதால், அவற்றில் ஏதாவது விதிமீறல் என்று கணக்கு முடக்கப்பட்டால் உங்கள் அளவைப் படங்களும் சேர்ந்து முடங்கும். கட்டணமில்லாத கூகுள் கணக்கில் மின்னஞ்சல், படங்கள், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து 15 கிகாபைட் மட்டுமே உண்டு. தனிநபர் கணக்கு இரண்டு வருடங்கள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் உள்ளடக்கத்தோடு நீக்கப்படலாம் என்பது 2023 முதல் கூகுளின் விதி. இவற்றுள் எதுவும் மருமகனின் நேர்மையைப் பற்றியது அல்ல. குடும்பத்தில் அப்படியொரு பேச்சு எழுந்தால், அவரையும் இந்தச் சுமையிலிருந்து காப்பாற்றவே இப்படிச் செய்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். நிறுவனத்தின் பெயரில் ஓர் இணையப் பெயரை (டொமைன்) பதிவு செய்யுங்கள். பதிவுச் சான்றும் கட்டண ரசீதும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். அந்தப் பெயரில் கூகுளின் வேர்க்ஸ்பேஸ் சேவையையோ மைக்ரோசொஃப்ட் 365 இன் வணிகச் சேவையையோ எடுங்கள். நிர்வாகி உரிமை உங்களுக்கும் அண்ணனுக்கும் இருக்க வேண்டும். தொழில்நுட்ப வேலைகளைச் செய்ய மருமகனுக்குத் தனியாக ஒரு நிர்வாகிக் கணக்கு கொடுங்கள், தேவை முடிந்ததும் அதை நிறுத்திவிடலாம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். "ஒப்பீஸ்" என்று ஒரே கணக்கைத் திறந்து ஒன்பது பேரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால், யார் எந்தப் படத்தை மாற்றினார் என்பதை ஒருபோதும் அறிய முடியாது. வேலையை விட்டுப் போனவரும் வீட்டிலிருந்து உள்ளே வரலாம். அப்படி வருவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம் என்றாலும், கதவைத் திறந்து வைத்துவிட்டு வழக்குப் போடுவதில் பயன் குறைவு.

கோப்புகளை எந்த ஊழியரின் தனிக் கோப்புறையிலும் வைக்காதீர்கள். கூகுளில் பகிர்வு டிரைவ் என்றும், மைக்ரோசொஃப்டில் ஷெயார்பொயின்ற் என்றும் சொல்லப்படும் பொது இடத்தில் வைத்தால் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தமாகிறது. ஊழியர் விலகினாலும் அது அங்கேயே இருக்கும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். இந்தச் சேவைகளின் விலை பொதுவாக டொலரில் நிர்ணயிக்கப்படுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த ஒரு டொலர், மே மாதமளவில் 360 ரூபாய் வரை போனதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். வருடச் செலவைக் கணக்கிடும்போது அப்படியொரு ஏற்றத்தையும் தாங்குமா என்று பாருங்கள். கட்டணம் செலுத்தும் அட்டை காலாவதியாகும் திகதியை அலுவலகக் கலண்டரில் குறித்துவையுங்கள். கட்டணம் தவறினால் முதலில் எச்சரிக்கை வரும், பின்னர் கணக்கு முடங்கும், சில மாதங்களில் தரவும் அழிக்கப்படும். எச்சரிக்கை மின்னஞ்சல் யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதே பல இடங்களில் நடந்த கதை.

கிளவுட்டில் இருப்பது காப்புப் பிரதி ஆகிவிடாது

கடிதத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகளைக் கண்டேன். இரண்டு வன்தட்டு இருப்பதால் காப்புப் பிரதி இருக்கிறது என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். கிளவுட்டுக்குப் போனால் காப்புப் பிரதியே தேவையில்லை என்று மருமகன் நினைக்கிறார். இரண்டும் ஒரே பிழைதான்.

உங்கள் பெட்டியில் உள்ள இரண்டு தட்டுகளும், ஒரு தட்டு பழுதானால் வேலை நிற்காமல் இருப்பதற்காக அமைந்தவை. ஒருவர் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் அது இரண்டு தட்டிலிருந்தும் அதே நொடியில் அழியும். மின்னல் ஒரு தட்டோடு நின்றது உங்கள் நல்ல காலம். கணினியில் உள்ள கோப்புகளையும் கிளவுட்டில் உள்ளவற்றையும் எப்போதும் ஒரேபோல வைத்திருக்கும் ஒத்திசைவிலும் இதேதான் நடக்கிறது: புதுக்குடியிருப்புக் கணினியில் தீநிரல் நுழைந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டப்பட்ட கோப்புகளை "புதிய திருத்தம்" என்று எடுத்துக்கொண்டு ஒத்திசைவு நிரல் கிளவுட்டுக்கும், அங்கிருந்து கிளிநொச்சிக் கணினிகளுக்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டு நிறுவனங்களும் மீட்பு வசதி தருகின்றன என்பது உண்மை. கூகுள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாட்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும். மைக்ரோசொஃப்டின் வணிகச் சேவையில் 93 நாட்கள் இருக்கும். மைக்ரோசொஃப்டின் கிளவுட் சேமிப்பிடமான வன்டிரைவில் (OneDrive) முழுக் கோப்புறையையும் கடந்த 30 நாட்களுக்குள் ஒரு நாளின் நிலைக்குத் திருப்பலாம். ஆனால் நில அளவை வேலையில் ஒரு பழைய படத்தைத் தேடிப் போவது எப்போது? அயல்காணிக்காரர் எல்லைத் தகராறு கொண்டுவரும்போது, ஐந்து வருடம் கழித்து. அன்றைக்குத்தான் கோப்பு இல்லை என்பது தெரியவரும். 93 நாள் அதற்குப் போதாது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் சொந்தக் கிளவுட் கட்டமைப்பு தாக்கப்பட்டபோது ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி, தாக்குதல் எட்டாத இடத்தில் தனியாக இல்லாததே காரணம். 2021 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் தீயில் எரிந்தபோது, வேறிடத்தில் பிரதி வைத்திராத வாடிக்கையாளர்கள் தங்கள் தரவை நிரந்தரமாக இழந்தார்கள்.

விதைநெல்லைச் சமையலுக்குரிய நெல்லோடு ஒரே மூட்டையில் கட்டிவைப்பவர் நம் ஊரில் எவரும் இல்லை. கிளவுட் என்பது நீங்கள் அன்றாடம் எடுத்துப் பயன்படுத்தும் நெல். விதைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வேறுவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது இந்தத் தொழிலில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் விதி. உங்களுக்கு அது இப்படி அமையலாம்: அன்றாடக் கோப்புகள் கிளவுட்டில், வாரம் ஒருமுறை அவற்றைத் தலைமை அலுவலகத்தில் ஒரு வெளி வன்தட்டில் இறக்கிவிட்டு இணைப்பைக் கழற்றி இரும்பு அலுமாரிக்குள் வைப்பது, மாதம் ஒருமுறை இன்னொரு வெளி வன்தட்டைப் புதுப்பித்து வவுனியாவில் நம்பகமான உறவினர் வீட்டில் வைப்பது. இரண்டாவது தட்டைப் புதுக்குடியிருப்பில் வைக்கலாமே என்று தோன்றும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே நேரத்தில் நீருக்குள் நின்றன; அதனால்தான் வவுனியா என்கிறேன். வெளியே போகும் தட்டை, திறவுகோல் இல்லாதவர் வாசிக்க முடியாதபடி, விண்டோஸின் பிட்லொக்கர் போன்ற முறையால் பூட்டியே அனுப்புங்கள், பூட்டுத் திறவுகோலின் அச்சுப் பிரதியைத் தட்டோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பிரதி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எவராவது ஒரு வாடிக்கையாளரின் படத்தை அந்தத் தட்டிலிருந்து வேறொரு கணினிக்கு எடுத்து, திறந்து, எல்லைக் கோடுகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். திறந்து பார்க்கப்படாத பிரதியை நான் பிரதியாகக் கணக்கெடுப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

வாடிக்கையாளரின் தரவு நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று உங்களுக்கு எவரோ சொல்லியிருக்கிறார். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது, தரவை இலங்கைக்குள்ளேயே கையாள வேண்டும் என்ற இறுக்கமான நிபந்தனை அதில் அரச அதிகாரசபைகளுக்கே விதிக்கப்பட்டிருந்தது. தனியார் நிறுவனம், உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளோடு வெளிநாட்டிலும் தரவைக் கையாளச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் பொறுப்பு கூகுளுக்கோ மைக்ரோசொஃப்டுக்கோ கைமாறிப் போய்விடுவதில்லை. அடையாள அட்டைப் பிரதியையும் உறுதியையும் உங்களிடம் நம்பிக் கொடுத்தவருக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டியவர். சட்டத்தை மீறினால் ஒரு விடயத்தில் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. இந்தச் சட்டத்தின் பகுதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருபவை என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் உங்கள் சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பிரதேச சபைக்கோ அரச திணைக்களத்துக்கோ நீங்கள் அளவை வேலை செய்து கொடுப்பதுண்டு என்றால், அந்தக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, கிளவுட்டுக்கு ஏற்றுவதற்கு முன் அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடதாசி அலுமாரிகளைக் காலி செய்யும் யோசனையை மட்டும் இன்றே கைவிடுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் பரிவர்த்தனைகள் சட்டம், மின்னணு வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஆவணத்தைச் சட்டம் புறக்கணிக்க முடியாது என்று சொல்கிறது. மருமகன் அதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். அதே சட்டத்தின் 23 ஆம் பிரிவு, மரண சாசனம், அற்றோணித் தத்துவம், அசையாச் சொத்தின் விற்பனை, கைமாற்றம் ஆகியவற்றை அந்த விதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நடக்க வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டு மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து இன்றுவரை தொடரும் விதி. உங்கள் பகுதியில் பெரும்பாலான குடும்பங்கள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தையோ அளிப்புப் பத்திரத்தையோ வைத்திருப்பவை. அவற்றின் மூலப் பிரதி தவறுதலாக உங்களிடம் தங்கியிருந்தால், ஸ்கான் செய்துவிட்டு உரியவரை அழைத்துக் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள். அண்ணன் கையெழுத்திட்ட அளவைப் படங்களும் களப் புத்தகங்களும் அலுமாரியிலேயே இருக்கட்டும். ஸ்கான் பிரதி, மூலம் தொலைந்தாலும் செய்தி தொலையாமல் காப்பாற்றும். மூலத்தின் இடத்தில் அது உட்காராது.

எதை, எப்போது, எப்படி ஏற்றுவது

உங்கள் இணைப்பின் தரவேற்ற வேகத்தை முதலில் அளந்து பாருங்கள். விளம்பரத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் தரவிறக்க வேகம். உங்களுக்குத் தேவை மற்றது. தரவேற்றம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 700 கிகாபைட் போய்ச் சேர இடைவிடாமல் ஆறரை நாட்கள் வேண்டும். 4 மெகாபிட் என்றால் 16 நாட்கள். மின்வெட்டும் மாத டேட்டா வரம்பும் குறுக்கிட்டால் இன்னும் நீளும். ஆகவே பிரித்து ஏற்றுங்கள். கடந்த மூன்று வருடத்து வேலைகள் 120 கிகாபைட்டுக்குள் அடங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே 10 மெகாபிட் வேகத்தில் அது ஏறத்தாழ 27 மணித்தியாலம். ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடும். பழைய வேலைகளை முதலில் இரண்டு வெளித் தட்டுகளில் பிரதி எடுத்துவிட்டு, பின்னர் இரவுகளில் ஆண்டு ஆண்டாக ஏற்றலாம்.

இட அளவைப் பொறுத்தவரை, கூகுளின் ஆரம்ப வணிகத் திட்டத்தில் ஒருவருக்கு 30 கிகாபைட். ஒன்பது பேருக்கும் சேர்த்தாலும் 270 தான், உங்களுக்குப் போதாது. அடுத்த திட்டத்தில் ஒருவருக்கு 2 டெராபைட். மைக்ரோசொஃப்டின் அடிப்படை வணிகத் திட்டத்தில் ஒருவருக்கு 1 டெராபைட்டும், நிறுவனத்தின் பொது இடமாக 1 டெராபைட்டும் கிடைக்கும்.

ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் வேலை செய்யும் அலுவலகம் என்பதால் இரண்டு சிக்கல்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இவற்றை மருமகன் சந்தித்திருக்க மாட்டார். உங்கள் படங்களில் அடித்தாளாக இணைக்கப்பட்ட வேறு படங்கள் இருக்கும். அவற்றின் முகவரி "இசட் டிரைவ்" என்று பெட்டியைக் குறிப்பதாக எழுதப்பட்டிருக்கும். கோப்புகளை இடம் மாற்றியதும் படம் திறக்கும், ஆனால் அடித்தாள் வெறுமையாக வரும். ஏற்றுவதற்கு முன்பே அந்த இணைப்புகளைச் சார்புப் பாதையாக, அதாவது படம் இருக்கும் கோப்புறையிலிருந்து வழி காட்டும் முகவரியாக, மாற்ற வேண்டும். முடிந்துபோன வேலைகளை ஓட்டோகாட்டின் ஈட்ரான்ஸ்மிட் வசதியால் இணைப்புகளோடு சேர்த்து ஒரே பொதியாக்கி, பக்கத்தில் ஒரு பிடிஎஃப் பிரதியும் வையுங்கள். இருபது வருடம் கழித்து அந்த மென்பொருள் கையில் இல்லாதவரும் படத்தைப் பார்க்க முடியும்.

மற்றது இன்னும் பாரதூரமானது. பெட்டியில் ஒருவர் ஒரு படத்தைத் திறந்து வைத்திருந்தால் அடுத்தவருக்கு அது வாசிக்க மட்டும் திறக்கும். ஒத்திசைக்கப்படும் கோப்புறையில் அந்தப் பூட்டு நம்பத்தகுந்தது அல்ல. கிளிநொச்சியில் ஒருவரும் புதுக்குடியிருப்பில் ஒருவரும் லொட் 14 இன் படத்தை ஒரே பின்னேரம் திருத்தினால், மறுநாள் காலையில் "லொட் 14" என்று ஒன்றும், அதே பெயரின் பின்னால் கிளைக் கணினியின் பெயர் ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் கிடக்கும். சாதாரணக் கடிதமொன்றைத் தட்டச்சு செய்யும்போது இப்படி நடந்தால் ஒரு வரி பிசகும்; எல்லைப் படத்தில் நடந்தால் ஒருவரின் வேலி நகரும். ஒரு வேலை ஒரு நேரத்தில் ஓர் அலுவலகத்துக்கு மட்டுமே உரியது என்று விதி வையுங்கள். ஷெயார்பொயின்ற்றில் கோப்பை ஒருவர் தன் பெயரில் எடுத்துத் திருத்தி மீண்டும் ஒப்படைக்கும் முறை உண்டு. அதைப் பழக்கிக்கொண்டால் இன்னும் நல்லது. களத்தில் அளந்து வரும் மூலத் தரவை எவரும் திருத்த முடியாதபடி, பார்க்க மட்டும் உரிமை கொடுத்த கோப்புறையில் போடுங்கள்.

இணையம் இல்லாத நாட்களுக்கு, நடப்பு வேலைகளின் கோப்புறையை "எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு" என்ற தெரிவில் அமையுங்கள். இணைப்பு வந்ததும் திருத்தங்கள் தாமாகப் போய்ச் சேரும். கிராமப்புறங்களில் சிக்னல் கிடைக்காத இடத்துக்குப் போகும் களக் குழுவினரும் புறப்படுவதற்கு முன் அப்படியே செய்ய வேண்டும். கிளவுட்டுக்குப் போய்விட்டோம் என்பதற்காக மின்சாரம் போனாலும் கணினியைச் சிறிது நேரம் இயக்கும் யூபிஎஸ்ஸையும் மின்னெழுச்சித் தடுப்பையும் குறைத்துவிடாதீர்கள். ரவுட்டர் எரிந்தால் இனி எல்லாக் கோப்பும் எட்டாமல் போகும். செப்புக் கம்பி இணைப்பு வைத்திருந்தால், உங்கள் வீதியில் ஃபைபர் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், தொலைபேசிக் கம்பி வழியாக மின்னல் உள்ளே வரும் வழி அடைபடும்.

அண்ணனைப் பற்றி

அவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். அவரை இந்த ஏற்பாட்டுக்குள் பொறுப்பாளராகக் கொண்டுவாருங்கள் என்பதே என் பதில். ஒரே இடத்தில் இருந்ததால் அவருடைய படங்கள் போயின. சுமந்து போக முடியாததால் போயின. வேறொரு நாட்டில் ஒரு பிரதி இருப்பது, அன்றைக்கு அவருக்குக் கிடைக்காமற்போன ஒன்று. அதே நேரம், இன்னொருவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது என்று அவர் சொல்வதும் மேலே நான் எழுதிய எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறது. வவுனியாவுக்குப் போகும் மாதத் தட்டும், கணக்கை மீட்கும் குறியீடுகளின் அச்சுப் பிரதியும் அவருடைய பொறுப்பில் இருக்கட்டும். மூன்று மாதச் சோதனையில் எந்தப் படத்தைத் திறந்து பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பவரும் அவராகவே இருக்கலாம். கிளவுட் நிறுவனம் நாளை கதவைப் பூட்டினாலும் மறுநாள் காலையில் வேலை தொடரும் என்பதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னும் அவர் மறுத்தால், அவர் காட்டும் காரணத்தை எனக்கு எழுதுங்கள், அது கேட்கத் தக்கதாகவே இருக்கும்.

புதுக்குடியிருப்பில் தொடங்கும் புதிய வேலைகளை மட்டும் ஒரு மாதம் கிளவுட்டில் செய்து பாருங்கள், அடுத்த ஐப்பசி இடிமழைக்கு முன் தலைமை அலுவலகத்தையும் மாற்றி முடியுங்கள். பழைய பெட்டியை உடனே அகற்ற வேண்டாம். வாசிக்க மட்டும் உரிய நிலைக்கு மாற்றி ஆறு மாதம் ஓடவிடுங்கள். அதற்குப் பின் கழற்றினாலும் வன்தட்டுகளை பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கோப்புகளை அழித்த பிறகும் தட்டில் இருப்பதை மீட்டெடுக்க முடியும் என்பதால், முழுமையாகத் துடைக்கும் நிரலால் துடைத்தோ துளையிட்டோதான் வெளியே விட வேண்டும். தரவேற்ற வேகம் எவ்வளவு, எந்தச் சேவையைத் தேர்ந்தீர்கள் என்ற இரண்டையும் எழுதி அனுப்பினால், கோப்புறைகளையும் உரிமைகளையும் அடுக்கும் முறையை உங்களுக்கு ஏற்றபடி எழுதி அனுப்புகிறேன்.